மந்தாகினிக்காகப் பக்கம் புரட்டும் வாசகி

வாசகர் கேள்வி, ரீச்சர் பதில்

கேள்வி: வணக்கம் ரீச்சர். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் வாசித்து முடித்துவிட்டு, இப்போது பிடித்த அத்தியாயங்களை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் வந்தியத்தேவன், குந்தவை, நந்தினி என்றுதான் கதைக்கிறார்கள். எனக்கு ஊமை ராணி மந்தாகினிதான். அவள் வருகிற இடம் எப்போது வரும் என்றுதான் பக்கம் புரட்டுகிறேன். மச்சாள் சிரிக்கிறாள். "அது ஒரு சின்னப் பாத்திரம், ஒரு வசனம்கூட இல்லை, சரித்திரத்திலும் அப்படி ஒருத்தி இல்லை, அவளுக்காகப் போய் அழுகிறாயே" என்கிறாள். எங்கள் வீட்டில் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, பிறந்ததிலிருந்தே காது கேளாதவர், வாய் பேசாதவர். என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர். அதனால்தான் மந்தாகினியை இவ்வளவு பிடிக்கிறதோ, கதைக்காக இல்லையோ என்றும் யோசனை வருகிறது. மந்தாகினி உண்மையில் இருந்தவளா? கல்கி அவளை ஏன் சாகடித்தார்? பெரியம்மாவுக்கு இந்தக் கதையை எப்படிச் சொல்வது? அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது.
(ஒரு வாசகி, ஒட்டுசுட்டான்)

பதில்: பிள்ளை, சின்னப் பாத்திரம் என்ற கதையை முதலில் எடுப்போம். மச்சாளிடம் ஒன்று கேட்டுப் பாரும்: அந்த நாவலுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது? பிற்காலத்தில் இராஜராஜ சோழன் ஆன அருள்மொழிவர்மன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காவேரியில் படகில் போகையில் தவறி ஆற்றுக்குள் விழுந்துவிட்டான். ஒரு பெண் அவனைத் தண்ணீருக்குள்ளிருந்து தூக்கிக் கொடுத்துவிட்டு மறைந்துபோனாள். காவேரித் தாயே வந்து பிள்ளையைக் காப்பாற்றினாள் என்று அரச குடும்பம் நம்பியது, அதனால் அவன் பொன்னியின் செல்வன் ஆனான். தூக்கிக் கொடுத்தவள் மந்தாகினி. ஐந்து பாகத்தின் அட்டையிலும் இருக்கிற பெயர் அவள் செய்த காரியத்தால் வந்தது, புகழ் மட்டும் ஆற்றுக்குப் போனது. இதைச் சின்னப் பாத்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அவளை எடுத்துவிட்டால் கதையில் என்ன மிஞ்சும் என்றும் பாரும். அருள்மொழியின் தகப்பன், மன்னர் சுந்தர சோழரின் மனநோய்க்குக் காரணம் அவள். அவள் மகள் நந்தினிக்கு அந்த முகம் வந்தது அவளிடமிருந்து. மதுராந்தகனின் பிறப்பு இரகசியமும் சேந்தன் அமுதனின் பிறப்பு இரகசியமும் அவளோடு பின்னியவை. பூங்குழலிக்கு அவள் அத்தை. சோழ நாட்டு அரியணையில் யார் இருப்பது என்று அத்தனை பேர் சதி செய்கிறார்களே, அந்தக் கேள்வியின் வேர், அரண்மனையில் இருக்க விரும்பாமல் காட்டுக்கும் தீவுக்கும் ஓடிப்போன ஒரு பெண்ணிடம் இருக்கிறது.

வசனம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது எந்தக் கதைக்குள் என்று பார்க்க வேண்டும். வந்தியத்தேவன் வாயாலேயே தப்பிப் பிழைக்கிறவன், ஆழ்வார்க்கடியான் போகிற இடமெல்லாம் வாதம் செய்கிறவன், நந்தினி நாலு வார்த்தையால் பெரிய பழுவேட்டரையர் போன்ற ஒரு வீரரையே ஆட்டிவைக்கிறவள், முதல் மந்திரி அநிருத்தர் எதைச் சொல்வது எதை மறைப்பது என்று கணக்குப் பார்த்தே கதைக்கிறவர். பேச்சுத்தான் எல்லோருடைய ஆயுதமும். அவர்களுக்கு நடுவில் கதைக்க முடியாத ஒருத்தியை விட்டு, ஆட்களைக் காப்பாற்றுகிற வேலையைக் கல்கி அவளிடம் கொடுத்திருக்கிறார். நான் இந்த நாவலை மதிப்பதற்கு முதல் காரணம் இதுதான், போர்களும் சதிகளும் எனக்கு அதற்குப் பிறகுதான்.

நீர் இன்னொன்றையும் கவனித்திருப்பீர் என்று நினைக்கிறேன். யாருடைய வாயிலும் அவள் சரியாக வருவதில்லை. சுந்தர சோழருக்கு அவள் இரவில் வருகிற ஆவி. கோடிக்கரைப் பக்கத்தில் அவள் சித்தம் கலங்கியவள். அரச குடும்பத்துக்குக் காவேரி அம்மன். நந்தினியோ அவளைப் போல வேடமிட்டு நடுச்சாமத்தில் மன்னர் முன்னால் போய் நின்று, அந்த மனிதரை இன்னும் கலங்க வைக்கிறாள், அதுவும் தன் தாயின் உருவத்தைக் கொண்டே. அநிருத்தருக்கு அவள் ஓர் இராச்சியப் பிரச்சினை. அவள் உயிரோடு இருப்பது தெரிந்தும், செத்துவிட்டாள் என்றே மன்னர் நம்பிக்கொண்டிருக்க விட்டவர் அவர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். உயிரோடு இருக்கிற ஒருத்தியை இல்லை என்று ஆக்கி, அவளுக்காக ஏங்குகிற மனிதனை வருடக்கணக்காக அப்படியே விட்டுவிடுவது, வன்னியில் இருந்து வாசிக்கிற எவருக்கும் ஒரு வரிக் கதையாகத் தெரியாது. 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களைக் கையில் பிடித்துக்கொண்டு தாய்மார் இருக்கத் தொடங்கினார்களே, அவர்கள் கேட்டதும் எங்களுக்கு உண்மையைச் சொல்லுங்கள் என்பதைத்தான். அநிருத்தரை நல்ல மந்திரி, கெட்டிக்காரர் என்று பலர் புகழ்வார்கள். அவருடைய கெட்டித்தனம் எல்லாம் இருக்கட்டும், இந்த ஒன்றுக்காக அவரை என்னால் முழுதாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மற்றவர்கள் எல்லாம் அவளைப் பற்றிக் கதைக்கிறார்கள், சரி. அவள் தன்னைப் பற்றி எங்கே சொல்கிறாள்? இரண்டாம் பாகத்தில் 'சித்திரங்கள் பேசின' என்று ஒரு அத்தியாயம். அதை இன்றைக்கே எடுத்துத் திரும்ப வாசியும். சுவரில் கோடு கோடாகக் கீறிய படங்கள். ஒரு தீவு, அங்கே ஒரு பெண், ஒரு இராசகுமாரன் (இளவயதுச் சுந்தர சோழர்), ஒரு கரடி. அப்புறம் அவன் கப்பலேறிப் போய்விடுகிறான். படம் படமாக அவள் வாழ்க்கை போகிறது. அருள்மொழிவர்மன் ஒவ்வொன்றாகப் பார்த்துப் புரிந்துகொள்கிறான். தன் தகப்பன் ஆவி என்று நினைத்துப் பயந்து சாகிற ஆள் இரத்தமும் சதையுமாக முன்னால் நிற்கிறாள் என்று அவனுக்கு அங்கேதான் முழுதாக விளங்குகிறது. இத்தனை பெரிய நாவலில் அவளுடைய பக்கத்துக் கதையை அவளே சொல்கிற இடம் அது. வார்த்தையால் சொன்ன எவரும் அவளைச் சரியாகச் சொல்லவில்லை, சுவரில் கீறியவள் சொல்லிவிட்டாள். ஓவியர் மணியம் அந்த நாவலுக்குக் கீறிய படங்களை நாம் எல்லோரும் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியவைதான். ஆனால் கதைக்குள்ளேயே ஒரு சித்திரக்காரி இருக்கிறாள் என்பது பலருக்கு நினைவில் நிற்பதில்லை.

அந்தப் பகுதி நடக்கிற நிலத்தையும் நீர் மனதில் வைத்து வாசிக்க வேண்டும். வந்தியத்தேவன் நாகத்தீவில் இறங்கி, மன்னார்ப் பக்கத்து மாதோட்டம் போய், அங்கிருந்து காட்டுப் பாதையால் தம்பள்ளைக்கு (இன்றைய தம்புள்ளை) போகிறான். பிறகு அநுராதபுரம். அதற்குப் பிறகு கதை வடக்கே திரும்பி யானை இறவுப் பக்கமும் தொண்டைமான் ஆற்று முகத்துவாரமும் என்று போகிறது. அநுராதபுரத்திலிருந்து யானை இறவுக்குப் போகிறவன் வன்னிக்குள்ளால் போகாமல் வேறு எதால் போவான்? இன்றைக்கு ஏ9 வீதியில் பஸ்ஸில் வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி என்று வருகிறோமே, அதே நிலம், அதே பாலையும் வீரையும் முதிரையும் நின்ற காடு. கல்கி இலங்கைக்கு நேரில் வந்து பார்த்து எழுதியவர், ஆனால் எங்கள் காட்டை வேகமாகத்தான் கடந்து போகிறார். அவருக்கு அவசரம், கப்பல் வந்து காத்துக்கொண்டு நிற்கிறது. அவர் விட்ட இடத்தை நிரப்பி வாசிக்கிற பாக்கியம் ஒட்டுசுட்டானில் இருக்கிற உமக்கு இருக்கிறது. யானை எந்தப் பக்கத்தால் வரும், தண்ணீர் எங்கே கிடக்கும், இருட்டில் எந்தச் சத்தம் எதனுடையது என்று தெரிந்த பெண் ஒருத்தி அந்தக் காட்டில் தனியே நடமாடினாள் என்று கல்கி எழுதினால், தஞ்சாவூரில் இருக்கிற வாசகருக்கு அது அதிசயம். உமக்கு அப்படி நடமாடிய கிழவிகளைத் தெரியும்.

இருந்தவளா என்றால், இல்லைப் பிள்ளை. மச்சாள் சொன்னது இந்த ஒன்றில் சரி. சுந்தர சோழரின் அரசி வானவன் மாதேவி, அருள்மொழியின் தாய், அவர் சரித்திரத்தில் இருந்தவர். இராஜராஜன் முடிசூடியது 985இல், இலங்கைப் படையெடுப்பு 993 அளவில். மாதோட்டத்துக்கு இராஜராஜபுரம் என்று பெயர் வைத்ததும், தாழி குமரன் என்ற சோழ நாட்டு அதிகாரி அங்கே இராஜராஜ ஈசுவரம் என்று ஒரு சிவன் கோயில் எடுத்ததும் கல்வெட்டில் உண்டு. மந்தாகினி எந்தக் கல்லிலும் இல்லை, அவள் கல்கியின் மனதில் பிறந்தவள். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அருள்மொழியின் தமையன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் என்று உடையார்குடிக் கல்வெட்டில் சில பெயர்கள் வருகின்றன. சோமன் என்பது அதில் ஒன்று, இரவிதாசன் இன்னொன்று. கல்கி அந்தச் சோமனை எடுத்துச் சோமன் சாம்பவன் ஆக்கி, அவன் கையில் எறிய ஒரு வேல் கொடுத்து, சுந்தர சோழரைக் கொல்ல அனுப்புகிறார். எறிந்தவன் பெயர் கல்லில் இருந்து வந்தது. குறுக்கே வந்து அந்த வேலைத் தன் உடம்பில் வாங்கியவளைக் கல்கிதான் படைக்க வேண்டியிருந்தது. சரித்திரத்தில் இல்லை என்பதற்காக அவளை ஒதுக்கினால், கொலைகாரனை மட்டும் நினைவில் வைத்திருக்க வேண்டியதுதான். இதை மச்சாளிடம் சொல்லிப் பாரும்.

ஏன் சாகடித்தார் என்று கேட்கிறீர். அந்தக் கடைசிப் பகுதியில் என்னை உலுக்குவது அவள் சாவைவிட அதற்கு முந்தி நடப்பதுதான். அரண்மனையில் இராவணன் கைலாயத்தைத் தூக்குகிற சிற்பம் ஒன்று. அதற்குள்ளால் நிலவறைக்கு ஒரு வழி இருக்கிறது, அங்கே ஒரு கொலைகாரன் ஒளிந்திருக்கிறான். மந்தாகினி அதைக் கண்டுபிடித்துவிட்டாள். எப்படிச் சொல்வது? கையைக் காட்டுகிறாள், தவிக்கிறாள், கடைசியில் அந்த இராவணனையே போட்டு இடிக்கிறாள். பார்க்கிறவர்களுக்கு அது பைத்தியமாகத் தெரிகிறது. அங்கே படித்தவர்களும் அறிவாளிகளும் சுற்றிவர நிற்கிறார்கள், ஒருவராவது இவள் என்ன சொல்ல வருகிறாள் என்று பொறுமையாகக் கேட்டிருந்தால் அந்த வேல் எறியப்பட்டே இருக்காது. நீர் பெரியம்மாவோடு வளர்ந்தவர், இது உமக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு விளங்குகிறது. கடைக்காரர் அவரைப் பார்க்காமல் உம்மைப் பார்த்து "அவாக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டிருப்பார். ஆஸ்பத்திரியில் நோவு எங்கே என்று அவர் காட்டக் காட்ட, யாரோ அவசரத்தில் வேறொன்றை எழுதியிருப்பார்கள்.

கல்கி அவளைச் சாகடித்தது வீணாக என்று நான் நினைக்கவில்லை. அவள் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை, ஆகவே சொல்ல வந்ததைத் தன் உடம்பாலேயே தடுத்தாள். தீவில் கரடியிடமிருந்து காப்பாற்றிய அதே மனிதரைக் கடைசியிலும் காப்பாற்றினாள், இடையில் அவர் தன்னை விட்டுவிட்டுப் போனவர் என்பதை அவள் கணக்கில் எடுக்கவில்லை. ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதே இரவில் கடம்பூரில் ஆதித்த கரிகாலனும் செத்துப்போக, கதை முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. யார் கொன்றது, யார் கொன்றது என்று இன்றுவரை வாசகர்கள் அடிபடுகிறார்கள். மந்தாகினிக்காக அழ அந்த நாவலில் போதிய நேரம் கிடைக்கவில்லை. 2022இலும் 2023இலும் வந்த படத்தில் அவளுக்கு இன்னும் குறைவு. ஐஸ்வர்யா ராய் நந்தினியாகவும் மந்தாகினியாகவும் நன்றாகவே செய்தார், ஆனால் படம் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெண்ணின் பெயர் ஞாபகம்? ஆகவே நீர் அழுவது நல்லது. அவளுக்கு அது சேர வேண்டியது.

பெரியம்மாவால்தான் பிடிக்கிறதோ என்ற யோசனையை விடும். அதனால்தான் பிடிக்கிறது, அதில் குறைவான பிடிப்பு என்று ஒன்றும் இல்லை. மற்ற வாசகர்கள் ஊமை ராணியை மர்மமான பெண்ணாகப் பார்ப்பார்கள். நீர் அவளுடைய கையையும் கண்ணையும் பார்க்கிறீர், ஏனென்றால் அப்படிப் பார்க்கப் பழகி வளர்ந்தவர். கல்கி எழுதிய ஒரு சைகைக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கு அவர் விளக்க வேண்டியிருக்கிறது, உமக்கு அந்த விளக்கம் வருவதற்கு முந்தியே பிடிபட்டிருக்கும்.

இனிப் பெரியம்மாவுக்குக் கதை சொல்கிற விஷயம். வழியை மந்தாகினியே காட்டிவிட்டாள், படம் கீறும். கீறத் தெரியாது என்று சொல்ல வேண்டாம், குச்சிக் கால் குச்சிக் கை மனிதர் போதும். பிள்ளையின் பழைய கொப்பியில் வெற்றுத் தாள் இருக்கும், இல்லாவிட்டால் முற்றத்து மணலும் விரலும் காணும். அரசர், அரியணை, சதி என்று தொடங்கினால் அவருக்குச் சலித்துவிடும், அதெல்லாம் வாயால் சொல்கிற கதை. கரடியிலிருந்து தொடங்கும். வன்னிக் காட்டோரத்தில் இருந்தவருக்குக் கரடிக்கு ஒரு சைகை கட்டாயம் இருக்கும். பாலைப்பழக் காலத்தில் மரத்தில் கரடி ஏறி இருக்கும், பார்த்துப் போ என்று அந்தக் காலத்தில் பழம் பொறுக்கப் போகிற எல்லோருக்கும் சொல்லி அனுப்புவார்கள். கரடி அடித்தால் முகத்தில்தான் அடிக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சைகையை அவரிடமே கேட்டு வாங்கும். அதற்குப் பிறகு தீவும் ஆளும் கப்பலும். அப்புறம் ஆறு, படகு, தண்ணீரில் விழுந்த குழந்தை, தூக்குகிற பெண். இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, தூக்கியவளுக்கும் பெரியம்மாவைப் போலத்தான், காதும் கேளாது வாயும் வராது என்று காட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல வேண்டாம். நாவலே 1950 ஐப்பசியில் 'கல்கி'யில் தொடங்கி 1954 வரைக்கும் கிழமைக்குக் கிழமை வந்ததுதான், அந்தக் காலத்துச் சனம் அடுத்த இதழுக்குக் காத்திருந்தது. பெரியம்மாவும் காத்திருக்கட்டும்.

முடிவை மாற்ற வேண்டாம். அவர் பெரிய மனுசி, இந்த மண்ணில் எல்லாம் பார்த்தவர், சாவை மறைக்க வேண்டிய சின்னப் பிள்ளை இல்லை. இராவணன் சிற்பத்தை மட்டும் கவனமாகக் கீறும். அவள் அதை ஏன் இடிக்கிறாள் என்று நீர் சொல்ல முந்தி அவரிடம் கேட்டுப் பாரும். அரண்மனையில் ஒருவருக்கும் விளங்காதது அவருக்கு உடனே விளங்கும் என்று நான் நம்புகிறேன். அவர் என்ன காட்டினார் என்று எனக்கு எழுதும், அதை நான் அறிய ஆசைப்படுகிறேன்.

கேள்வி: ரீச்சர், நான் கடற்றொழில் செய்கிறவன். பூங்குழலி ஒரு பெண்பிள்ளை தனியாகப் படகு விட்டுக் கோடிக்கரையில் இருந்து இலங்கைக்கு வருகிறாள் என்று கதையில் வருகிறதே, இது நடக்கிற காரியமா?
(ஒரு வாசகர், முல்லைத்தீவு)

பதில்: கடலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்வது முறையில்லை, ஆனாலும் கதையை வைத்துச் சொல்கிறேன். கோடிக்கரையில் இருந்து காங்கேசன்துறைப் பக்கம் ஐம்பது அறுபது கிலோமீற்றர்தான் வரும். நாவல் ஆடிப்பெருக்கு நாளில் வீராணம் ஏரிக்கரையில் தொடங்குகிறது, பூங்குழலி படகு விடுவது அதற்குக் கொஞ்சக் காலம் கழித்து. ஆகவே அது சோளகக் காலம், வாடை இன்னும் தொடங்கவில்லை. படகு தென்கிழக்கே போக வேண்டும், காற்று தென்மேற்கில் இருந்து. உங்களுக்கே கணக்கு விளங்கும். வடமராட்சிக் கடலோடிகள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கரைக்குப் பாய் விரித்துப் போய்வந்தவர்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரைக்குமே போய்ச் சேர்ந்தது. அந்தக் கடலில் பிறந்து வளர்ந்த பூங்குழலிக்குப் பாக்குநீரிணை ஒரு தூரமே இல்லை. நீந்தத் தெரியாத வந்தியத்தேவனை ஏற்றிக்கொண்டு போனாளே, அந்தத் துணிச்சலைத்தான் நான் மெச்சுகிறேன். பெண்பிள்ளை தனியாக என்று நீங்கள் கேட்டதற்கு மட்டும் ஒரு சொல்: முல்லைத்தீவுக் கரையில் ஆண் துணை இல்லாத வீட்டைத் தனியே இழுத்துக்கொண்டு போகிற பெண்களை நீங்கள் தினமும் காண்கிறீர்கள்தானே.

கேள்வி: உயர்தரம் படிக்கிறேன். கதையில் வருகிற ஆட்களுக்காகக் கண் கலங்கினால் அண்ணா பகிடி பண்ணுகிறான். இது பலவீனமா?
(ஒரு மாணவன், கிளிநொச்சி)

பதில்: இல்லைத் தம்பி. ஆளைக் காணாமலே அவன் நோவை உணர முடிகிறது என்றால் உன் மனம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். சோதனை முடியும் வரைக்கும் இரவில் ஒரு அத்தியாயத்தோடு நிறுத்து, அவ்வளவுதான். அண்ணாவுக்கு முதல் பாகத்தைக் கொடுத்துப் பார், கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனது, மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் ஐந்து பாகமும் இலவசமாகக் கிடக்கிறது, காசில்லை என்ற சாட்டும் சொல்ல முடியாது.

கேள்வி: சோழ நாட்டுப் பெண்களைப் பற்றியே கதைக்கிறோம். எங்கள் வன்னி மண்ணில் இருந்து மறக்க முடியாத ஒரு பெண் பாத்திரம் நாவலில் வந்திருக்கிறதா?
(ஒரு வாசகி, வவுனியா)

பதில்: வந்திருக்கிறது அம்மா. அ. பாலமனோகரன் எழுதிய 'நிலக்கிளி'யில் பதஞ்சலி. 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்த நாவல், தண்ணிமுறிப்பில் நடக்கிற கதை. காட்டுக்குள் வளர்ந்த பெண், கதிராமனைக் கட்டியவள். சூது வாது தெரியாத ஒருத்தியை எழுதப் போனால் பல எழுத்தாளர்கள் அவளை அசடாக ஆக்கிவிடுவார்கள். பதஞ்சலி அசடு இல்லை, அவளுக்குக் காடும் வயலும் குளமும் தெரியும், தெரியாதது வெளி உலகம்தான். அந்த வெளி உலகம் படித்த மனிதர் ஒருவரின் உருவத்தில் அவள் வீட்டு வாசலுக்கு வருகிறபோது என்ன நடக்கிறது என்பதை நான் சொல்லப் போவதில்லை, நீங்களே வாசிக்க வேண்டும். மந்தாகினியைப் பிடித்தவர்களுக்குப் பதஞ்சலியையும் பிடிக்கும் என்று துணிந்து சொல்கிறேன், ஒட்டுசுட்டான் பிள்ளையும் இதைக் குறித்துக்கொள்ளட்டும். கடையில் கிடைக்காவிட்டால், ஈழத்து நூல்களைச் சேர்த்து வைக்கிற 'நூலகம்' இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். உங்கள் ஊர் வாசிகசாலையில் பழைய பிரதி ஏதாவது இருந்தால் அதைக் கவனமாகக் கட்டி வைக்கச் சொல்லுங்கள்.